போட்டிக் குழுவினருக்கு: கல்பனா சாவ்லா ஏன் இறந்தார் என்பதையும் பிள்ளைகள் சொல்லட்டும்

மாணவியர் பேச்சுப் போட்டியை நடத்தும் குழுவின் தலைவருக்கும் நடுவர்களுக்கும்,

இந்த ஆண்டுப் போட்டிக்கு நீங்கள் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் பார்த்தேன். நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் மேடைப் பேச்சுக்குத் தயாராகும் பிள்ளைகள் இன்னும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் தாளும் பேனாவுமாக வருகிறார்கள். சுற்றறிக்கையும் அவர்களோடுதான் வந்தது. தலைப்பு வழக்கம்போல 'விண்ணில் கலந்த வீரத்திருமகள்'. விதிமுறைகளில் மட்டும் புதிதாக ஒரு வரி: "விபத்துக்கான காரணங்கள், விசாரணை விவரங்கள் போன்ற எதிர்மறைச் செய்திகளைத் தவிர்த்துத் தன்னம்பிக்கை ஊட்டும் வகையில் பேச வேண்டும்."

இந்த வரி யாருக்காகச் சேர்க்கப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன ஆண்டு பிளஸ் ஒன் படித்த ஒரு மாணவி உங்கள் மேடையில் கல்பனா சாவ்லாவைப் பற்றிப் பேசினாள். கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டு 82-வது விநாடியில் ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியதையும், அதைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டதையும், கேட்டது கிடைக்காமல் போனதையும் சொன்னாள். ஐந்து நிமிடத்துக்குள் முடித்தாள், ஒரு சொல் திக்கவில்லை. நடுவர்களில் ஒருவர் மைக்கை வாங்கி, "நல்லாப் பேசினம்மா, ஆனா இது சயின்ஸ் கிளாஸ் இல்ல. கேக்குறவங்க கண்ணு கலங்கணும்" என்றார். கூட்டம் சிரித்தது. மதிப்பெண் தாளில் 'தலைப்பை விட்டு விலகல்' என்று எழுதிக் குறைத்திருந்தீர்கள்.

முதல் பரிசு பெற்ற உரை, "நான் எரிந்து போனாலும் நட்சத்திரமாய் எரிவேன்" என்று கல்பனா சொன்னதாக முடிந்தது. அப்படி அவர் எங்கும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை; கையில் கொடுத்ததை மனப்பாடம் செய்தாள். அது பள்ளிக்குப் பள்ளி நகலெடுத்துக் கைமாறும் உரை. நான் பணியில் இருந்த காலம் முழுக்க அதே உரையை வெவ்வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். கனவு கண்டார், பறந்தார், எரிந்தார், அழுகை, கைதட்டல். இடையில் அந்தப் பெண் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு வரியும் இருக்காது.

சுற்றறிக்கையோடு நீங்கள் இணைத்திருக்கும் குறிப்புத் தாளையும் படித்தேன். அதில் அவர் 'விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர்'. முதல் இந்தியர் ராகேஷ் சர்மா. 1984 ஏப்ரலில் சோவியத் சோயுஸ் கலத்தில் ஏறிச் சல்யூட்-7 நிலையத்துக்குப் போனவர். கல்பனா 1997-ல் பறந்தபோது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். விண்வெளிக்குப் போன இந்திய வம்சாவளிப் பெண்களில் முதல்வர் என்பதே சரி. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. பிறந்த தேதியில் உங்களோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை: 1962 மார்ச் 17-ல் பிறந்தவரைப் பள்ளியில் சேர்ப்பதற்காக 1961 ஜூலை 1 என்று பதிந்தார்கள். பள்ளிச் சேர்க்கைக்காக ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாகிப் போனவர்கள் நம்மூரிலும் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள்.

ஆனால் அதே தாளில், 'மரணம் நிச்சயம் என்று தெரிந்தும் புன்னகையோடு பூமி திரும்பினார்' என்று இருக்கிறதே, அதை விட முடியாது. அது பொய். நடந்தது வேறு. 2003 ஜனவரி 23 அன்று, பயணத்தின் நடுவே, தரைக்கட்டுப்பாட்டிலிருந்து விண்ணோடத்தின் தலைவருக்கும் விமானிக்கும் ஒரு மின்னஞ்சல் போனது. நுரைத் துண்டு மோதியிருக்கிறது, இதே போன்றதைப் பல பயணங்களில் பார்த்திருக்கிறோம், திரும்புவதில் எந்தக் கவலையும் இல்லை என்பது அதன் சாரம். பத்திரிகையாளர்கள் கேட்டால் பதில் சொல்வதற்காகத்தான் அந்தத் தகவலையே அனுப்பினார்கள். சாகப்போகிறோம் என்று தெரிந்து சிரித்தவர்கள் அல்லர் அவர்கள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவர்கள். முதலாவதைப் பேசினால் கண் கலங்கும். இரண்டாவதைப் பேசினால் கோபம் வரும். அந்தக் கோபம் உங்கள் மேடையில் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் புதிய விதியோ என்று எனக்குச் சந்தேகம்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று இப்போது நான் சொல்கிறேன்.

ஹரியானாவின் கர்னாலிலிருந்து சண்டிகரின் பஞ்சாப் பொறியியல் கல்லூரிக்குப் போய் 1982-ல் விமானப் பொறியியலில் பட்டம். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று வீட்டிலும் வெளியிலும் கேட்ட காலம் அது. டெக்சாஸில் முதுகலை, 1988-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதே ஆண்டு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேலை. நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பும் ஹாரியர் போன்ற விமானங்கள் தரையை ஒட்டி மிதக்கும்போது அவற்றைச் சுற்றிக் காற்று எப்படிச் சுழல்கிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டுவதுதான் அவருடைய ஆய்வு. விமானத்திலிருந்து பாயும் வாயு தரையில் மோதித் திரும்பி மேலே வரும். அந்தக் குழப்பமான ஓட்டத்தைச் சமன்பாடுகளால் பிடிப்பது லேசான காரியம் இல்லை. அதோடு விமானம், கடல்விமானம், கிளைடர் என்று ஓட்டுவதற்கு உரிமங்கள், பறக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் உரிமம் வேறு. 1994 டிசம்பரில் நாசா அவரைத் தேர்ந்தெடுத்தது இதையெல்லாம் பார்த்துத்தான். குறிப்புத் தாளில் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் 'கடின உழைப்பால் உயர்ந்தார்' என்ற மூன்று சொற்களில் முடிந்துவிட்டன.

அடுத்தது, பேச்சுப் போட்டிக்காரர்கள் யாரும் தொடாத இடம். 1997 நவம்பரில் கொலம்பியாவில் அவரது முதல் பயணம். சூரியனின் வெளி வளிமண்டலத்தை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை விண்ணோடத்தின் இயந்திரக் கையால் வெளியே எடுத்து விடுவது அவர் பொறுப்பு. விட்டார். அது தானாகச் செய்ய வேண்டிய சுழற்சியைச் செய்யவில்லை. திரும்பப் பிடிக்கப் போனார். பிடி சரியாக விழவில்லை, கையை விலக்கியபோது செயற்கைக்கோள் மெல்லச் சுழல ஆரம்பித்துவிட்டது. பிறகு வின்ஸ்டன் ஸ்காட், தகாவோ தோய் என்ற இருவர் விண்நடை போய் அதைக் கையாலேயே பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். முதல் பயணம், கையில் கொடுத்த பெரிய வேலை, உலகமே பார்க்கும்போது கோளாறு. விரல் யாரை நோக்கி நீளும் என்று சொல்லவா வேண்டும்?

ஆனால் நாசா ஐந்து மாதம் விசாரித்தது. மென்பொருள் இடைமுகத்திலும், விண்ணோடக் குழுவுக்கும் தரைக்கட்டுப்பாட்டுக்கும் வகுத்துவைத்த நடைமுறைகளிலும் பிழைகள் இருந்தன என்று கண்டது. கல்பனா மீது பழி நிற்கவில்லை. மறுபடி பயணத்துக்குத் தேர்வானார். ஒரு தவறு நடந்தால் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடும் விசாரணை எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஐந்து மாதத்தை நான் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். சோதனைச் சாலையில் குழாய் உடைந்ததும் "யாருடி உடைச்சது?" என்று தொடங்குகிறவர்கள்தானே நாமெல்லாம். உங்கள் விதிப்படி பார்த்தால் இதுவும் 'விசாரணை விவரம்', பேசக் கூடாது. பேசினால்தானே, பழி சுமந்த ஒரு பெண் மறுபடி அதே விண்ணோடத்தில் ஏறியது எப்படி என்று பிள்ளைகளுக்குப் புரியும்? தன்னம்பிக்கை என்று நீங்கள் கேட்பது இதைவிட வேறு எங்கே இருக்கிறது?

இரண்டாவது பயணம், எஸ்டிஎஸ்-107. பலமுறை தள்ளிப்போய் 2003 ஜனவரி 16-ல் கிளம்பியது. ஏழு பேர் இரண்டு ஷிஃப்டாகப் பிரிந்து இரவுபகலாக 80 சோதனைகள் வரை செய்தார்கள். எடையற்ற நிலையில் சுடர் எப்படி எரியும், நுண்ணிய நீர்த்துளிகளால் தீயை எப்படி அணைப்பது என்பவை அவற்றில் சில. சில சோதனைகள் ஆறு நாடுகளின் பள்ளிப் பிள்ளைகள் வடிவமைத்தவை: சிலந்தி, எறும்பு, பட்டுப்புழு எல்லாம் அதில் போயின. விண்ணோடம் சிதறிய பிறகு கிடைத்த ஒரு வன்தட்டிலிருந்து, செனான் வாயுவின் பாகுத்தன்மை பற்றிய சோதனைத் தரவுகளை மீட்டு, 2008-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஓர் இயற்பியல் ஆசிரியைக்கு மெய்சிலிர்ப்பது இந்த இடத்தில்தான்; நட்சத்திரமாய் எரிவதில் அல்ல.

இனி அந்த நுரைத் துண்டுக்கு வருகிறேன். விண்ணோடத்தோடு இணைத்த வெளித் தொட்டியில் அடைத்த அதிகுளிர் எரிபொருள் சூடேறாமல் இருக்கப் பூசும் காப்பு நுரை அது. பெயர்ந்த துண்டின் எடை முக்கால் கிலோ அளவுதான். "இவ்வளவு லேசான பொருள் என்ன செய்துவிடும்?" என்றுதான் நாசாவிலும் பலர் நினைத்தார்கள். என் திண்ணையில் இதையே கணக்காகப் போட வைத்தேன். ஃபிரிட்ஜ் பெட்டியில் வந்த நுரைக் கட்டி ஒன்றை ஒவ்வொருத்தியும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு தாளில் இறங்கினார்கள். துண்டு பெயர்ந்ததும் காற்று அதைச் சட்டென்று தடுத்துவிடும், லேசாக இருப்பதாலேயே. விண்ணோடமோ வேகம் குறையாமல் பின்னாலேயே வருகிறது. போய் அதன்மேல் இடிக்கிறது. சார்பு வேகம் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர். இயக்க ஆற்றல் 18,000 ஜூலுக்கு மேல் வந்தது. எடுத்த விடையைத் தப்பு என்று நினைத்து இரண்டு பேர் அடித்துவிட்டு மறுபடி போட்டார்கள். லேசான பொருள் என்பதால் ஆபத்தில்லை என்ற நினைப்பு எங்கே தடுக்கி விழுகிறது என்று பிளஸ் ஒன் பாடத்தை வைத்தே பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடிகிறது. போன ஆண்டு உங்கள் மேடையில் ஏறிய பேச்சு இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. அதைத்தான் தலைப்பை விட்டு விலகியது என்றீர்கள்.

விபத்து விசாரணையிலும் பிறகு பீரங்கி போன்ற கருவியால் நுரையை அதே வேகத்தில் சுட்டுப் பார்த்தார்கள். 2003 ஜூலையில் நடந்த அந்தச் சோதனையில் இறக்கை முனைத் தகடு 40 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிய்ந்தது. உண்மையான விண்ணோடத்திலும் அப்படி ஓர் ஓட்டை விழுந்திருந்ததால்தான், பிப்ரவரி 1 அன்று வளிமண்டலத்துக்குள் நுழைந்தபோது கொதிக்கும் வாயு இறக்கைக்குள் புகுந்து உள்ளிருந்த அலுமினியச் சட்டத்தை உருக்கியது. தரையிறங்க ஏறத்தாழ 16 நிமிடம் இருந்தது. விமானிக்கும் தலைவருக்கும் பின்னால், விமானப் பொறியாளருக்குரிய இருக்கையில் இருந்தார் கல்பனா. கடைசிவரை வேலையில் இருந்தார்.

வெளித் தொட்டியின் இதே பகுதியிலிருந்து நுரை பெயர்வது அது முதல் முறை அல்ல. மூன்று மாதம் முன்பு, 2002 அக்டோபரில் போன அட்லாண்டிஸ் என்ற மற்றொரு விண்ணோடத்திலும் பெயர்ந்து பக்கவாட்டு ராக்கெட்டில் மோதியிருந்தது. விண்ணோடம் பத்திரமாகத் திரும்பிவிட்டது, ஆகவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அட்மிரல் ஹரால்ட் கெஹ்மன் தலைமையிலான விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் தந்த அறிக்கை இதைப் பூசி மெழுகவில்லை: நுரை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் நிறுவனத்தின் பழக்கவழக்கம் என்றது. தெரிந்த உடனே பார்த்திருந்தால், அட்லாண்டிஸை அவசரமாக அனுப்பி மீட்பதற்கு, கடினம்தான் என்றாலும், வாய்ப்பு இருந்தது என்றும் சொன்னது. அந்தக் குழுவில் சாலி ரைடு இருந்தார்; 1983-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். 1986-ல் சேலஞ்சர் விண்ணோடம் சிதறியபோது விசாரித்த ஆணையத்திலும் அவர் இருந்தார். வீரத்திருமகள் என்று பட்டம் கொடுக்க உங்களுக்கு ஆள் வேண்டுமென்றால், இரண்டு விபத்துகளையும் விசாரித்து, சொந்த நிறுவனத்தின் தப்பை முகத்துக்கு நேரே சொன்ன குழுக்களில் இருந்த அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குழுவில் ஒருவர் தொலைபேசியில் கேட்டும்விட்டார். உங்கள் போட்டி நடப்பது விருதுநகர் மாவட்டத்தில். நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ அக்காவோ பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். ஓர் அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர், அளவுக்கு மேல் கலந்து வைத்த மருந்து, வெயிலில் மரத்தடியில் நடக்கும் வேலை. கேட்டால் வருகிற பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "இத்தன வருசமா இப்படித்தான டீச்சர் செய்யுறோம், ஒண்ணும் ஆகலையே." வெடித்த பிறகு விதி என்பார்கள், மாலை போடுவார்கள், நிவாரணத் தொகை அறிவிப்பார்கள். ஹூஸ்டனில், நாசாவின் தரைக்கட்டுப்பாட்டு மையத்தில், ஏசி அறையில் உட்கார்ந்து படித்தவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் இருந்ததும் இதே வாசகம் என்று நான் சொன்னபோது, வகுப்பில் அப்படி ஒரு அமைதி. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்ப படிச்சவங்களும் இப்படித்தான் சொல்லுவாங்களா டீச்சர்?" என்றாள். நீங்கள் எதிர்மறைச் செய்தி என்று தடுத்தது இந்தக் கேள்வியை.

சுதந்திர நாளில் தமிழக அரசு துணிவுக்கும் சாகசத்துக்கும் தரும் விருது கல்பனா சாவ்லா பேரில்தான் இருக்கிறது. 2002-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய வானிலைச் செயற்கைக்கோளுக்கு மறு ஆண்டு அவர் இறந்த சில நாளிலேயே கல்பனா-1 என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதில் நாம் குறை வைக்கவே இல்லை.

குழுவினரே, இவை என் கோரிக்கைகள்.

இந்த ஆண்டு சுற்றறிக்கையிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோம் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டால் போதாது. தாளில் இருப்பதைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள். குறிப்புத் தாளைத் திரும்பப் பெறுங்கள். 'முதல் இந்தியர்' என்பதையும், 'மரணம் தெரிந்தும்' என்பதையும் நீக்கி, ஸ்பார்ட்டன் விசாரணை, எஸ்டிஎஸ்-107-இன் ஆய்வுகள், கெஹ்மன் குழுவின் முடிவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் புதிதாக எழுதுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். சரிபார்க்க இந்த மாவட்டத்தில் இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை.

நடுவர் குழுவில் அறிவியல் ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண் பகுப்பில் உச்சரிப்பு, பாவனை, நேரக் கட்டுப்பாடு என்று இருக்கிறதே தவிர, சொன்னது உண்மையா என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. அதற்கு இடம் ஒதுக்குங்கள். யாரோ சொன்னதாக மேற்கோள் காட்டினால் எங்கே சொன்னது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

போன ஆண்டு மதிப்பெண் தாளில் 'தலைப்பை விட்டு விலகல்' என்று எழுதியதை மறுபரிசீலனை செய்யுங்கள். பரிசை மாற்றச் சொல்லவில்லை. பரிசு வாங்கிய பிள்ளையிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். அந்தக் குறிப்பு தவறு என்று எங்கள் மாணவிக்கு ஒரு கடிதம் போதும். அவள் இப்போது பிளஸ் டூ. இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறாள், அதே பேச்சோடு. பெயர்ப் பதிவு முடிவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்